பொன்னுத்தங்கத்தின் எடைக்கு எடை

விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் தனுஷ்கோடியின் மனைவி பொன்னுத்தங்கத்துக்கு, சாயங்காலம் வாசலில் புல்லட் சத்தம் கேட்டாலே வயிற்றைப் புரட்டும். கணவர் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. வண்டியின் கைப்பிடியில் தொங்கி வருகிற பொட்டலம்தான் காரணம். எண்ணெயில் முக்கிப் பொரித்த பரோட்டா, சால்னா, அதோடு ஒரு சுக்கா. மேலே சுற்றிய செய்தித்தாள் எண்ணெய் குடித்துக் கண்ணாடி போல ஆகியிருக்கும். அப்பாவும் மகனும் டிவி முன்னால் உட்கார்ந்து பிய்த்துத் தின்பார்கள். பாதியில் இருவருக்கும் போதும் என்றாகிவிடும். மீதி, சால்னாவில் ஊறி, ஒருத்தர் கடித்த பல் அடையாளத்தோடு சமையல்கட்டுக்கு வரும்.

"தங்கம், கொட்டிராத. தானிய யாவாரம் பண்றவன் வீட்டுல சாப்பாட்டக் குப்பையில போட்டா லச்சுமி தங்க மாட்டா."

தினமும் இதே வசனம்தான். அவரும் பொய்யாகச் சொல்லவில்லை. மண்டியில் சிந்திய துவரம்பருப்பைக்கூடக் கூட்டி அள்ளிச் சலித்து மறுபடி மூட்டையில் போடுகிறவர். அவர் வீட்டில் எதுவும் வீணாகாது. காலையில் மிஞ்சிய இட்லி, மகன் தொடாமல் வைத்த தயிர்சாதம், விருந்தாளிக்கு வாங்கி ஆறிப்போன பஜ்ஜி என்று எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் ஒரு போக்கிடம் இருந்தது. அது பொன்னுத்தங்கத்தின் வயிறு. பசித்துச் சாப்பிட்டது என்று அவள் நினைவில் ஒரு வேளைகூட இல்லை. வீட்டைத் துடைக்கிற மாதிரி தட்டுகளைத் துடைத்தாள், அவ்வளவுதான்.

அவள் இப்படிப் பிறந்தவள் இல்லை. தாயில்பட்டிக்காரி. வயதுக்கு வந்த கையோடு பட்டாசு ஆலை வேலைக்குப் போனாள். விடிவதற்கு முன் தூக்குவாளியில் கம்பங்கூழோடு கிளம்பி, கரிசல் காட்டு ஒற்றையடிப் பாதையில் கூட வேலை பார்க்கும் அய்யம்மாளோடு கதை பேசிக்கொண்டே ஆலைக்கு நடப்பாள். பகல் முழுக்கச் சரவெடி பின்னிவிட்டு, திரும்பும்போது விறகுக்கட்டு ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவாள். உடம்பு ஒட்டடைக்கம்பு மாதிரி இருந்தது. அதில் பெருமைப்பட எதுவுமில்லை. பாதி நாள் அந்த மெலிவுக்குப் பெயர் பசி. ஆனாலும் அந்த உடம்பு சொன்ன இடத்துக்குப் போனது, சொன்னதைத் தூக்கியது.

தனுஷ்கோடி அப்போது விருதுநகரில் ஒரு மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் ஊரில்தான் இருந்தாள். அவர் வாரத்துக்கு ஒரு முறை வந்து போவார். மகன் ராம்குமாருக்கு நாலு வயதிருக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பொன்னுத்தங்கம் நேரே ஊர்க் காளியம்மன் கோயிலுக்குப் போய் நின்றாள். அந்தக் கோயிலில் துலாபாரம் உண்டு. கல் மண்டபத்தில் சங்கிலியில் தொங்கும் பெரிய தராசில் ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் வெல்லம். பிள்ளை எடைக்குத்தான் எல்லாரும் நேர்ந்துகொள்வார்கள். ராம்குமார் அன்றைக்கு எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அவனை நிறுத்தால் அம்மனுக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"தாயே, எம்பிள்ளையக் குடுத்துரு. அவனுக்குக் கல்யாணம் முடியிறதுக்கு முன்னால எம் எடைக்கு எடை வெல்லம் வைக்கேன்."

பிள்ளை பிழைத்தான். தனுஷ்கோடியும் மேலே வந்தார். சொந்த மண்டி, அப்புறம் சூலக்கரைப் பக்கம் புது நகரில் மாடி வீடு, அப்புறம் கார். பொன்னுத்தங்கத்தை ஊரிலிருந்து கூட்டி வந்து அந்த மாடியில் வைத்தார். வைத்தார் என்பதுதான் சரியான சொல். முதல் வாரமே அவள் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பியபோது படியிலேயே மறித்தார்.

"மண்டிக்காரன் பொண்டாட்டி பையத் தூக்கிட்டு ரோட்டுல நடந்தா பாக்கிறவுக என்னா நெனைப்பாக? என்னா வேணும்னு சொல்லு, வீட்டுக்கே வந்துரும்."

எல்லாம் வீட்டுக்கே வந்தது. தண்ணீர் கேனில் வந்தது. மாவு அரைத்து வந்தது. துணி துவைக்க மெஷின் வந்தது. கீழே தெருவில் கால் வைக்கக் காரணமே இல்லாமல் போயிற்று. சும்மா நடக்கலாம் என்று ஒரு நாள் இறங்கியபோது எதிர்வீட்டு அம்மா "என்னக்கா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். உடம்பு பெருக்கத் தொடங்கியது. அதில் தனுஷ்கோடிக்கு இருந்த பெருமையைக் கண்கொண்டு பார்க்க முடியாது. மண்டிக்கு வருகிற யாவாரிகளை வீட்டுக்குக் கூட்டி வந்து காப்பி கொடுக்கச் சொல்வார். அவள் தம்ளரோடு வரும்போது, "தாயில்பட்டியில இருந்து வந்தப்ப ஊதுனாப் பறந்துருவா. இப்பப் பாருங்க. நம்ம வீட்டுச் சோறு பேசுதுல்ல?" என்று சிரிப்பார். வந்தவர்களும் தலையாட்டுவார்கள். புது மூட்டையைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்வதற்கும் இதற்கும் பொன்னுத்தங்கத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முட்டி வலி வந்தது, சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில் ராம்குமாருக்குச் சிவகாசியில் பெண் அமைந்தது. பெண் பிரீத்தி, அப்பாவுக்கு ஆப்செட் அச்சகம், காலண்டர் வேலை. படித்த, வசதியான வீடு. அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஈர்க்குச்சி மாதிரி இருந்தார்கள். காலையில் கம்பெனி ஷூ மாட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், கம்பையும் வரகையும் விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். ஒரு காலத்தில் வேறு வழியில்லாமல் பொன்னுத்தங்கம் குடித்த கூழ் அங்கே கண்ணாடிக் கிண்ணத்தில் வந்தது. நிச்சயத்தன்று பிரீத்தியின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மதினிக்குத் தைராய்டா?"

"இல்லீங்களே."

"அப்ப வேற எதும் பிரச்சனை இருக்கும். இம்புட்டு வெயிட்டு நார்மல் இல்ல, பாத்துக்கோங்க." பிறகு குரலைத் தணிக்கக்கூட இல்லாமல் மகளிடம் திரும்பினாள். "ஏ பிரீத்தி, அந்த லட்டு வேணாம். கல்யாணத்துக்கு லெகங்கா டைட்டாப் போயிரும்."

பிரீத்தி லட்டைத் தட்டில் வைத்தாள். அந்தப் பிள்ளையின் கண் கொஞ்ச நேரம் அந்த லட்டின் மேலேயே இருந்ததைப் பொன்னுத்தங்கம் பார்த்தாள். ஒருத்தி வாயில் அடைக்கிறார்கள், ஒருத்தியைப் பட்டினி போடுகிறார்கள், சீ என்று இருந்தது அவளுக்கு.

அன்றிலிருந்து தனுஷ்கோடியின் பேச்சு தலைகீழாக மாறிவிட்டது. நம்ம வீட்டுச் சோறு பேசுது என்று சிரித்த அதே வாய், "வாயக் கட்டுனாத்தான என்னா?" என்று கேட்டது. பொட்டலம் வாங்கி வருவதை மட்டும் நிறுத்தவில்லை. மீதியைக் கொட்டாதே என்பதையும் நிறுத்தவில்லை. உடம்பு குறைக்கப் பொடி கரைத்துக் கொடுக்கும் ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டார். பஜாரில் ஒரு மாடி அறை. சுவர் முழுக்கக் குண்டாகவும் பிறகு ஒல்லியாகவும் நிற்கிற பெண்களின் படம். ஒரு பெண் எல்லார் முன்னாலும் இவள் இடுப்பில் டேப்பைச் சுற்றி அளவைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் கைதட்டினார்கள். எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. சுண்ணாம்பையும் சாக்லேட்டையும் சேர்த்துக் கரைத்த மாதிரி இருந்த அந்தக் கரைசல் படி இறங்குவதற்குள் வெளியே வந்துவிட்டது. மறுநாள் போகவில்லை.

கல்யாணத் தேதி நெருங்கவும் பொன்னுத்தங்கம் நேர்த்திக்கடன் பேச்சை எடுத்தாள். சொன்ன மாத்திரத்தில் அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"துலாபாரமா? அம்புட்டுப் பேருக்கு முன்னாலயா?" என்றான் ராம்குமார்.

"சாமி காரியம்டா. உனக்காக நேந்தது."

"அம்மா, சொல்றேன்னு தப்பா நெனைக்காத. பிரீத்தி வீட்டுல எல்லாரும் நம்ம ஊர்க் கோயிலுக்கு வாறோம்னு சொல்லிட்டாக. நீ அந்தத் தட்டுல ஏறி, மூட்ட மூட்டையா வச்சிக்கிட்டே இருந்தா, அவுக எல்லாம் போன்ல படம் எடுத்தா... நேந்தப்ப இருந்த எடைக்கு வச்சாப் பத்தாதா? அப்ப நீ ஒல்லியாத்தான இருந்த?"

பெற்ற மகன். அவன் மூச்சு நின்றுவிடக் கூடாதென்று கோயில் தரையில் விழுந்து கிடந்தவளிடம், தன் உயிரின் விலையில் தள்ளுபடி கேட்கிறான். பொன்னுத்தங்கத்துக்கு அழுகை வரவில்லை. பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தால் வருகிற அதே குமட்டல்தான் வந்தது.

தனுஷ்கோடி தொண்டையைச் செருமிக்கொண்டார். மண்டியில் மூட்டையை நிறுத்ததும் சாக்குக்கும் தூசிக்கும் என்று கொஞ்சம் எடையைக் கழிப்பார்கள். அதற்குக் கழிவு என்று பெயர். விளைந்ததை விற்க வந்த சம்சாரியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதும், மண்டிக்காரர் மாடி வீடு கட்டுவதும் அந்தக் கழிவில்தான்.

"சாமிய ஏமாத்த வேணாம்லே. முறைப்படி உக்காரட்டும். சேலை, நக, மருந்து மாத்திரையில வந்த ஊத்தம், இதுக்கெல்லாம் ஒரு கழிவு உண்டுமில்ல? வெல்ல மூட்டைக்கு அடியில ரெண்டு எடைக்கல்லப் போட்டுருவோம். வெளிய பாக்க மூட்ட கொறச்சலாத் தெரியும். ஆரு அவுத்துப் பாக்கப் போறா?"

சொல்லிவிட்டு, நல்ல யோசனை சொன்ன திருப்தியில் மனைவியைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். சம்மதம் என்று இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அவள் பேசாமல் இருந்த எல்லாமே அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு காரில் தாயில்பட்டிக்குப் போனார்கள். வெம்பக்கோட்டை ரோட்டில் இருபுறமும் பேக்கரியும் பிரியாணிக் கடையும் பரோட்டாக் கல்லும் நெருங்கிக் கிடந்தன. ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் தார் ரோடு. கோயில் வாசலில் அய்யம்மாள் காத்திருந்தாள். அய்யம்மாளையும் அந்தக் காலத்து ஒட்டடைக்கம்பாகவே மனதில் வைத்திருந்த பொன்னுத்தங்கம் கொஞ்சம் திகைத்துத்தான் போனாள். அய்யம்மாளுக்கும் தொந்தி விழுந்திருந்தது, மூச்சு வாங்கியது.

"என்ன ஏ அப்பிடிப் பாக்க? நீ மட்டுந்தான் பெருக்கணுமா?" என்று சிரித்தாள் அய்யம்மாள். "இப்ப ஆரு நடக்கா? வாசல்ல வேன் வந்து நிக்குது. உக்காந்து போறோம், உக்காந்து வெடி சுத்துறோம், உக்காந்து வாறோம். வந்தா அலுப்புல அடுப்புப் பத்த வைக்க முடியாது. கடையில ரெண்டு பரோட்டா வாங்கித் தின்னுட்டுப் படுத்துருதோம். பிரஷர் மாத்திர இல்லாத பொம்பள எங்க ஆலையில ஒருத்தி கெடையாது."

ஊருக்கு வந்தால் கொஞ்சம் நல்ல காற்றாவது வரும் என்று நினைத்திருந்தவளுக்கு அதுவும் இல்லை. இங்கேயும் அதே எண்ணெய் வாசம்தான் வந்தது.

மண்டபத்தில் தராசு தொங்கியது. மண்டியில் மூட்டை தூக்கும் சோலைச்சாமி வெல்ல மூட்டைகளை இறக்கி வரிசையாக வைத்தார். சம்பந்தி வீட்டார் ஒரு பக்கம் நின்றார்கள். பிரீத்தியின் அம்மா தராசையும் பொன்னுத்தங்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் தங்கையிடம் ஏதோ சொல்லி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ராம்குமார் பட்டுச் சட்டையில், எங்காவது மறைந்துகொள்ள முடியுமா என்கிற முகத்தோடு தூணை ஒட்டி நின்றான்.

பூசாரி ஊர்க்காவலன் தட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். "ஏறி உக்காரு தாயீ."

பொன்னுத்தங்கம் தட்டின் பக்கம் போகவில்லை. மூட்டைகளின் பக்கம் போனாள். முதல் மூட்டையின் வாயைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்தாள். தனுஷ்கோடிக்கு முகம் வெளிறியது. "ஏ தங்கம், என்னா செய்யிற" என்று அவர் எட்டு எடுத்து வைப்பதற்குள் அவள் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, இரும்பு எடைக்கல்லை இழுத்து வெளியே போட்டாள். அது கல்தரையில் விழுந்த சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. அடுத்த மூட்டையையும் அவிழ்த்தாள். அதிலும் ஒன்று இருந்தது. விறகுக்கட்டு தூக்கிய கை. அதற்கு இது ஒரு பாரமில்லை.

"என்ன மதினி அது?" என்றாள் பிரீத்தியின் அம்மா.

"எங்க வீட்டுக்காரக எனக்குப் போட்ட கழிவு, மதினி. என்னய உள்ளபடிக்கு நிறுத்தா உங்க முன்னால அவுகளுக்குக் கேவலமாம். மெலிஞ்சு கெடந்தவளத் தின்ன வச்சு, இதப் பாருங்கன்னு ஊருக்கெல்லாம் காட்டுனதும் இவுகதான். இப்ப மறைக்கிறதும் இவுகதான்."

குரல் உயரவில்லை. கடைக்காரரிடம் சரக்கு சரியில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது மாதிரி சொன்னாள். தனுஷ்கோடி எடைக்கல்லை வேட்டியால் மறைக்கிற மாதிரி அதன் முன்னால் போய் நின்றார். சம்பந்தி வீட்டார் யாரும் போனை எடுக்கவில்லை.

பொன்னுத்தங்கம் தட்டில் ஏறி உட்கார்ந்தாள். சங்கிலி முறுகியது. தட்டு தரையைத் தொட்டது. சோலைச்சாமி இருந்த வெல்லத்தையெல்லாம் எதிர்த் தட்டில் ஏற்றினார். இவள் தட்டு அசையவில்லை.

"வெல்லம் பத்தலயே" என்றார் பூசாரி.

தனுஷ்கோடி குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "நகையவாச்சும் கழட்டு. இல்லன்னா எறங்கு. மிச்சத்த அடுத்த வாரம் மண்டியில இருந்து அனுப்பி வைக்கேன்" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்தாள்.

"ராம்குமாரு, பஸ் ஸ்டாப்புல பலசரக்குக் கடை இருக்கு. போயி வெல்லம் வாங்கிட்டு வா."

"சரிம்மா, கார எடுத்துட்டு..."

"நடந்து போ. தோள்ல வச்சுத் தூக்கிட்டு வா. நீ காய்ச்சல்ல கெடந்தப்ப ஒன்னய ஆஸ்பத்திரிக்கு நான் அப்பிடித்தான் கொண்டு போனேன். நீ வார வரைக்கும் அம்மா இங்கனதான் உக்காந்திருப்பேன்."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். சோலைச்சாமி "நான் போறேம்மா" என்று முன்னால் வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். ராம்குமார் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினான்.

அவள் உட்கார்ந்திருந்தாள். முட்டி வலித்தது. இத்தனை பேர் தன் உடம்பைப் பார்க்கிறார்களே என்கிற கூச்சம் முதலில் சுருக்கென்று தைத்தது. அப்புறம் அது தன் பாட்டுக்கு அடங்கிப் போனது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. அய்யம்மாள் தட்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிரீத்தி தன் அம்மாவை விட்டு நகர்ந்து வந்து, "அத்தை, தண்ணி குடிக்கிறீகளா?" என்று பாட்டிலை நீட்டினாள். அந்தக் கையில் எலும்பு தெரிந்தது. பொன்னுத்தங்கம் வாங்கிக் குடித்தாள்.

"நீ காலையில என்னம்மா சாப்பிட்ட?"

பிரீத்தி திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள்.

ராம்குமார் திரும்பி வந்தான். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் இருந்த வெல்லச் சிப்பத்தைத் தட்டில் இறக்கினான். இவள் தட்டு லேசாக ஆடியது, எழவில்லை.

"இன்னுங் கொஞ்சம் வேணும்" என்றார் பூசாரி.

"போயிட்டு வாப்பா" என்றாள் பொன்னுத்தங்கம்.

மறுபடியும் போனான். இரண்டாவது முறை வந்தபோது அவன் யாரையும் பார்க்கவில்லை. யார் பார்க்கிறார்கள் என்கிற கவலையும் அவனுக்கு ஓய்ந்திருந்தது. வாங்கி வந்த வெல்லத்தை ஒவ்வொரு கட்டியாக எடுத்து வைத்தான். கடைசியில் தட்டு மெல்லத் தரையை விட்டு எழுந்தது. அவள் பாதம் அந்தரத்தில் நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"தராசு முள்ளு நேரா நிக்கிதா அண்ணே?" என்று கேட்டாள்.

"நேரா நிக்கிது தாயீ."

"கழிவு எதும் போடலயே?"

"ஒண்ணும் போடல."

"அப்ப எறங்குறேன்."

ராம்குமார் கையை நீட்டினான். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவள் தானாகவே இறங்கினாள்.